அழுகண்ணி என்கிற டிரோசெரா பர்மான்னி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ரூபாய் நாணயத்தை மேலே வைத்தால் கிட்டத்தட்ட மறைந்துவிடும் சிவப்புச் செடி ஒன்று. ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் கண்ணாடிக் குண்டுமணி மாதிரி ஈரம் மின்னும். பத்து வருடமாக இந்தச் செடியின் படத்தை யாரிடம் காட்டினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் தாவரவியல் பேராசிரியர் இல்லை. மழைக்காலத்தில் முட்டி போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள்.

இது என்ன செடி?

டிரோசெரா பர்மான்னி. பூச்சியைப் பிடித்துச் செரிக்கும் காட்டுச் செடி. பள்ளிப் பாடத்தில் பூச்சி பிடிக்கும் மற்றச் செடிகளான நெப்பந்தஸ், யூட்ரிகுளேரியாவோடு சேர்த்துப் படித்த அதே டிரோசெரா பேரினம்தான். உலகம் முழுக்க அதில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில்தான் மிக அதிகம். தமிழ்நாட்டில் தானாக வளர்பவை மூன்று: பர்மான்னி, இண்டிகா, பெல்டேட்டா. இலங்கையிலும் இந்த மூன்றுதான். பர்மான்னி நம் ஊரோடு நிற்பதில்லை. தெற்காசியாவில் தொடங்கி சீனா, ஜப்பான், தென்கிழக்காசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரைக்கும் பரவியிருக்கிறது.

எங்கே, எப்போது பார்க்கலாம்?

வேறு செடி எதுவும் செழிக்காத ஈரத் தரையில் தேடுங்கள். செம்மண் மேடு, செம்பூராங்கல் பாறைச் சரிவு, மழை நீர் கசிந்துகொண்டே இருக்கும் மணல் திட்டு. புல் அடர்ந்த இடத்தில் இருக்காது, நிழலில் இருக்காது, உரம் போட்ட வயல் வரப்பில் நிச்சயம் இருக்காது. கிழக்குக் கரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை நின்றபின், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பார்க்கலாம். மேற்கே தென்மேற்குப் பருவமழைதான் கணக்கு. மகாராஷ்டிராவில் சாத்தாரா அருகே உள்ள காஸ் பீடபூமிக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் பூப் பார்க்கப் போகும் கூட்டம் இதன்மேல் கால் வைக்காமல் நடக்க முடியாது.

தை முடிந்து தரை காய்ந்ததும் செடி கருகிவிடும். ஒரு பருவ ஆயுள்தான் அதற்கு. பொடி மாதிரி இருக்கும் கருப்பு விதைகள் மண்ணில் கிடந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

நான் பார்க்கும் செம்மண் மேடு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஏன் சொல்வதில்லை என்பது கீழே மருந்து பற்றிய கேள்வியில் வரும்.

பர்மான்னி என்றால் பர்மாவிலிருந்து வந்ததா?

இல்லை. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பர்மன் என்பது ஓர் ஆள்: யோஹான்னஸ் பர்மன், ஆம்ஸ்டர்டாமில் இருந்த டச்சுத் தாவரவியலாளர். இலங்கையிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுபோன உலர்செடிகளை வைத்து 1737இல் இலங்கைத் தாவரங்கள் பற்றி ஒரு பெரிய நூல் போட்டார். செடிகளுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையைப் பின்னாளில் நிலைநாட்டிய லின்னேயஸ், இளைஞராக 1735இல் அவர் வீட்டில் தங்கி அந்த வேலைக்கு உதவியிருக்கிறார். இந்தச் செடிக்கு முறையான பெயர் வைத்தவர் லின்னேயஸின் மாணவர் மார்ட்டின் வால். 1794இல் பர்மனின் நினைவாக டிரோசெரா பர்மான்னி என்று அச்சேற்றினார். ஆக, பெயரில் ஒளிந்திருக்கும் நாடு பர்மா இல்லை, இலங்கை.

இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர் ஒரு ‘ஐ’யில் முடிய வேண்டுமா, இரண்டு ‘ஐ’யிலா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். மார்ட்டின் வால் போட்டது ஒரே ஒரு ‘ஐ’. இணையத்தில் தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள், இல்லையென்றால் பாதித் தகவல் கிடைக்காது.

டிரோசெரா என்ற பேரினப் பெயர் லின்னேயஸ் 1753இல் பயன்படுத்தியது. பனி படிந்தது என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

தமிழில் இதற்குப் பெயர் இல்லையா?

இருக்கிறது, அதுவும் அழகான பெயர்: அழுகண்ணி. கண்ணீர் நிற்காத கண். காலைப் பனி காய்ந்த பிறகும், உச்சி வெயிலிலும் இதன் இலையில் துளி நின்றுகொண்டிருப்பதைப் பார்த்த யாரோ வைத்த பெயர். மலையாளத்திலும் இதே பெயர்தான். சிங்களத்தில் இண்டிகாவைக் கந்துளெஸ்ஸ என்கிறார்கள். கண்ணீர்க் கண் என்று பொருள். ‘பனித்துளிச் செடி’ என்று இப்போது எழுதுவது புதிதாக ஆக்கிய சொல். தப்பில்லை, ஆனால் பழைய சொல் கையில் இருக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை.

அழுகண்ணி என்று சொன்னால் எந்தச் செடி என்பதில்தான் குழப்பம். பர்மான்னியையும் இண்டிகாவையும் ஒரே பெயரால் குறிக்கிறார்கள். வடமொழி வைத்திய நூல்களில் வரும் ருதந்தி என்ற பெயருக்கும் அழுபவள் என்றுதான் பொருள், ஆனால் அதைப் பலரும் கிரெஸ்ஸா கிரெட்டிகா என்று அடையாளம் காட்டுகிறார்கள். அது உப்பு மண்ணில் வளரும் வேறொரு குடும்பத்துச் செடி, பூச்சி பிடிக்காது. சித்தர் பாடல்களில் அழுகண்ணியோடு சேர்ந்து வரும் தொழுகண்ணி, சிற்றிலைகள் தானாக அசையும் அவரைக் குடும்பச் செடி என்பார்கள். லத்தீன் பெயர் எதற்கு, வாயில் நுழையவில்லையே என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பத்திதான்.

வகைப்பாட்டில் இது எங்கே வருகிறது?

பூக்கும் தாவரம், இருவித்திலை வழி. துறை கேரியோஃபில்லேல்ஸ், குடும்பம் டிரோசெரேசி, பேரினம் டிரோசெரா, சிற்றினம் பர்மான்னி. தேர்வுக்கு வேண்டுமானால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்த இடத்துக்கு அது வந்து சேர்ந்த கதை கொஞ்சம் நீளமானது.

நம் கல்லூரிகளில் இன்றைக்கும் சொல்லித்தரும் பென்தம்-ஹூக்கர் வகைப்பாடு 1862 முதல் 1883 வரை வெளிவந்தது. பூவைப் பார்த்து வகுத்த முறை அது. டிரோசெராவுக்கு அல்லி இதழ்கள் தனித்தனியாக இருப்பதால் ரோசேல்ஸில், ரோஜாவோடு வைத்தார்கள். குடுவைச் செடியான நெப்பந்தஸுக்கு அல்லி இதழே இல்லை என்பதால் அதை எங்கோ தள்ளி, ஆடுதின்னாப்பாளை குடும்பத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. பூச்சி பிடிப்பதையே உறவுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு, டிரோசெரா, நெப்பந்தஸ், அமெரிக்கக் குடுவைச் செடியான சராசீனியா மூன்றையும் ஒரே துறைக்குள் அடைத்தார் அமெரிக்கத் தாவரவியலாளர் கிரான்குவிஸ்ட்.

1992இல் ஒரு மரபணுவின் வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தபோது இரண்டு கூட்டுமே உடைந்தது. பூச்சி உண்ணும் பழக்கம் தாவர உலகில் ஒரு தடவை தோன்றி எல்லோருக்கும் பரவியது அல்ல, பல தடவை தனித்தனியாகத் தோன்றியது என்று தெரிந்தது. டிரோசெராவும் நெப்பந்தஸும் உண்மையிலேயே பங்காளிகள், கேரியோஃபில்லேல்ஸுக்குள் வந்தன. சராசீனியா தேயிலை இருக்கும் துறைக்குப் போனது. டிரோசெராவுக்குப் பக்கத்திலேயே, அதே ஈரத்தில், மஞ்சளும் நீலமுமாகப் பூத்து நிற்கும் யூட்ரிகுளேரியா துளசிக்கும் எள்ளுக்கும் உறவு. ஒரே சாண் தரையில் இரண்டு வேட்டைக்காரர்கள் நிற்கிறார்கள், ஆனால் ஒன்றுவிட்ட சொந்தம்கூடக் கிடையாது!

டிரோசெரேசி குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் பேரினங்கள் மூன்றே மூன்று. டிரோசெரா ஒன்று. அமெரிக்காவின் கரோலினா கரையோரத்து வீனஸ் பூச்சிப்பொறி ஒன்று. வேரே இல்லாமல் நீரில் மிதக்கும் ஆல்ட்ரோவாண்டா இன்னொன்று. கடைசி இரண்டும் பொறியைப் பட்டென்று மூடுபவை, ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு மாதிரி. டிரோசெரா அவற்றுக்கு அடுத்த உறவு.

கேரியோஃபில்லேல்ஸ் என்றால் வேறு யாரெல்லாம்?

வீட்டு வாசலில் நிற்கும் காகிதப்பூ, குழம்பில் போடும் தண்டுக்கீரை, பசலை, மூக்கிரட்டை, சப்பாத்திக்கள்ளி எல்லாமே. (திருகுகள்ளி இல்லை, அது ஆமணக்குக் குடும்பம்.) நம்ப முடியவில்லையென்றால் வேலியோரம் சித்திரமூலம், அதாவது கொடிவேலி, பூத்திருக்கும்போது பூவின் பச்சைக் குழலை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும். அந்தப் புல்லிக் குழலில் இருப்பது காம்புள்ள பசைச் சுரப்பிதான். சித்திரமூலத்தின் காரத்துக்குக் காரணமான பிளம்பாஜின் என்ற வேதிப்பொருள் டிரோசெரா இனங்கள் பலவற்றிலும் இருக்கிறது. கொடிவேலி பூச்சியைச் செரிப்பதில்லை, ஆனால் டிரோசெரா வேட்டைக்கு வைத்திருக்கும் சாமான்களில் பாதி அதனிடமும் இருக்கிறது.

டிரோசெராவுக்குள் பர்மான்னிக்கு என்ன தனி இடம்?

இதற்குப் பூவைத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலான டிரோசெராக்களுக்குச் சூல்தண்டு, அதாவது பூவின் நடுவே சூலகத்தின் மேல் நிற்கும் காம்பு, மூன்று. ஒவ்வொன்றும் அடியிலேயே பிளந்து ஆறு போலத் தெரியும், அல்லது இன்னும் கிளைத்துக் குஞ்சம் ஆகியிருக்கும். பர்மான்னிக்கு ஐந்து, பிளவு படாதவை. இந்தக் குணத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் இன்னொரு சிற்றினம் செசிலிஃபோலியா. அது இருப்பது பிரேசில், வெனிசுலா பக்கம்! இரண்டையும் சேர்த்து தெலோகாலிக்ஸ் என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் வேறு யாரும் இல்லை. தமிழ்நாட்டிலேயே இருக்கும் இண்டிகாவைவிட, கடல் கடந்து இருக்கும் அந்தச் செடிதான் பர்மான்னிக்கு நெருங்கிய சொந்தம்.

பூச்சியை எப்படிப் பிடிக்கிறது?

போன மார்கழியில் ஒரு காலை, கைபேசியில் பெரிதாக்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு செடியின் முன்னால் கவிழ்ந்து படுத்திருந்தேன். ஆப்பு வடிவ இலைகள் வட்டமாகத் தரையோடு படிந்திருந்தன. இலையின் மேற்புறம் முழுக்கச் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு துளி. வெறும் மயிர் இல்லை அவை. உள்ளே நீர் கடத்தும் திசு ஓடும், நுனியில் சுரப்பி இருக்கும். துளியில் இருப்பது சர்க்கரைச் சேர்மங்களால் ஆன கோந்து.

ஒரு சிற்றெறும்பு ஓர் இலையின் விளிம்பில் ஏறியது. விளிம்பில் மட்டும் மற்றவற்றைவிட நீளமான மயிர்கள் இருக்கும். அவற்றின் வேலை ஒட்டுவது இல்லை, தள்ளுவது. எறும்பின் முன்கால் ஒன்றில் பட்டது. நான் மூச்சு விடுவதற்குள் அந்த மயிர் உள்ளே மடிந்து எறும்பை இலையின் நடுவே, கோந்துக்குள் சாய்த்துவிட்டது. மற்ற டிரோசெராக்கள் நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் செய்வதை இது சில நொடிகளில் முடிக்கிறது. இந்தப் பேரினத்தின் வேகமான இனங்களில் இது ஒன்று. அப்புறம் பக்கத்து மயிர்கள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. எறும்பு உதற உதற, அந்த உதறலே இன்னும் மயிர்களை வரவழைத்தது. பிறகு இலை அமிலமும் புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் சுரந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துப் போனபோது கருப்பு ஓடு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விரலை வைத்தால்?

ஒன்றும் ஆகாது. பசை ஒட்டும், செடிக்குத்தான் துளி வீணாகும். வைக்காதீர்கள்.

பூச்சி கிடைக்காவிட்டால் செத்துவிடுமா?

சாகாது. அது பச்சையம் உள்ள செடி, சோற்றை வெயிலில் தானே ஆக்கிக்கொள்ளும். பூச்சியிடமிருந்து எடுப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்றவை, அதாவது நாம் உரமாகப் போடும் சமாச்சாரம். அது நிற்கும் மண்ணில் இவை கிடையாது. சார்லஸ் டார்வின் பதினைந்து ஆண்டுகள் இந்தப் பேரினத்தின் ஐரோப்பிய இனம் ஒன்றை வைத்துச் சோதனைகள் செய்து 1875இல் வெளியிட்டார். இறைச்சித் துணுக்கு வைத்தார், கண்ணாடித் துண்டு வைத்தார், எதற்கு மயிர் மடிகிறது, எதற்கு மடியவில்லை என்று பார்த்தார். ஆனாலும் பூச்சி உணவால் செடிக்கு லாபம் உண்டா என்ற கேள்வி தீரவில்லை. தீர்த்து வைத்தவர் மகன் ஃபிரான்சிஸ். 1878இல் ஒரு பகுதிச் செடிகளுக்கு மட்டும் வறுத்த இறைச்சித் துணுக்கு ஊட்டி வளர்த்தார். ஊட்டப்பட்டவை மிக அதிகமாக விதை தந்தன. பட்டினி கிடந்தவையும் உயிரோடுதான் இருந்தன.

பூவுக்கு வரும் பூச்சியையும் தின்றுவிடாதா?

நல்ல கேள்வி. இலை தரையில், பூ உயரத்தில். ஓர் அங்குலச் செடி ஒரு சாண் வரைக்கும் பூந்தண்டை நீட்டும். அதன்மேல் வெள்ளைப் பூக்கள் சில மணி நேரம் மட்டும் விரியும். பூச்சி வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்கும்.

மூன்று இனங்களையும் எப்படிப் பிரித்து அறிவது?

பர்மான்னி: தண்டு கிடையாது, தரையில் வட்டம், வெள்ளைப் பூ. இண்டிகா: நிமிர்ந்த மெல்லிய தண்டு, ஓர் அடி வரைக்கும் போகும், நூல் போன்ற நீண்ட இலைகள், பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பூ, கேரளத்தில் மாடாயிப்பாறையில் மழைக்காலத்தில் இது கூட்டம் கூட்டமாக நிற்கும். பெல்டேட்டா: நீலகிரி, பழனி போன்ற மலைகளின் உயரமான புல்வெளிகளில். அரை நிலா வடிவ இலை, அதன் காம்பு ஓரத்தில் சேராமல் கேடயத்தின் பிடி மாதிரி நடுவில் சேரும். மண்ணுக்குள் சிறு கிழங்கு வைத்திருப்பதால் கோடையில் மேலே காய்ந்தாலும் அடியில் உயிர் இருக்கும்.

பெயர் மாற்றங்களுக்கு மட்டும் தயாராக இருங்கள். பெல்டேட்டா என்று நாம் சொல்லும் ஆசியச் செடிகளை லூனேட்டா என்ற தனிச் சிற்றினமாகப் பிரிக்க வேண்டும் என்பது அண்மைய கருத்து. ஒரே சிற்றினம் என்று நினைத்த இண்டிகாவையும் ஆஸ்திரேலியாவில் பலவாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியச் செடி இண்டிகாவாகவே இருக்கிறது. பர்மான்னி மட்டும் 1794இலிருந்து பெயர் மாறாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

மருந்துக்கு ஆகுமா? ஒரு பெரியவர் காயகற்பம் என்றாரே?

சித்த மரபில் அழுகண்ணி கற்ப மூலிகை வரிசையில் வருவது உண்மை. ஐரோப்பாவிலும் ஒரு டிரோசெரா இனத்தை இருமலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிளம்பாஜின் சும்மா இருக்கும் பொருளும் இல்லை. தோலில் பட்டால் புண்ணாக்கும், அளவு மீறினால் நஞ்சு. எனவே பறித்துக் கஷாயம் வைக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். படித்த சித்த மருத்துவரிடம் கேளுங்கள், கேட்கும்போது எந்த அழுகண்ணி என்றும் கேளுங்கள்.

நான் முதலில் பார்த்து வைத்திருந்த மேடு ஒன்றின் படத்தை, ஊர்ப் பெயரோடு, உற்சாகத்தில் பத்துப் பேருக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் போனபோது ஈர மண்ணில் விரல் நோண்டிய குழிகள்தான் இருந்தன. விதை விழுமுன்பே பிடுங்கப்பட்டதால் மறு வருடம் அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு பிடி மருந்துச் சரக்குக்கு நூற்றுக்கணக்கான செடிகள் வேண்டும், அவ்வளவு சின்னது இது. பக்கத்து மேட்டை மனைப் பிரிவுக்காகச் சமன் செய்துவிட்டார்கள். அதனால்தான் மூன்றாவது மேட்டின் பெயர் என் வாயிலிருந்து வராது.

வீட்டில் வளர்க்கலாமா?

காட்டிலிருந்து பிடுங்கி வந்தால் பிழைக்காது. விதையிலிருந்து வளர்ப்பவர்களிடம் விதை வாங்கி முயலலாம், முளைத்துச் சில மாதங்களிலேயே பூத்துவிடும். கழுவிய ஆற்று மணலும் பீட் பாசியும் கலந்த தொட்டி, அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும் தட்டு, நல்ல வெயில். உரம் கூடாது. தேங்காய் நார்த்தூள் போடுவதானால் உப்புப் போகப் பலமுறை அலசுங்கள். தண்ணீர்தான் உயிர்நாடி: மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் மட்டும். என் முதல் தொட்டி போர் தண்ணீரில் மூன்றே வாரத்தில் கருகியது. கறித்துண்டு, சீஸ் எல்லாம் வைக்காதீர்கள், பூசணம் பிடித்து இலை அழுகும். மாடியில் பறக்கும் சின்னப் பூச்சிகளே போதும்.

படம் அனுப்பினால் எது என்று சொல்வீர்களா?

சொல்வேன். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பூ விரிந்திருந்தால் நேருக்கு நேர் ஒன்று, சூல்தண்டு எண்ணும் அளவுக்குத் தெளிவாக. பூ காலை வெயிலில்தான் விரியும், மதியத்துக்கு மேல் போனால் மூடியிருக்கும். அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள், செடியின்மேல் வைக்காதீர்கள். கைபேசியில் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். எனக்கும் அந்த இடம் தெரிய வேண்டாம்.